காணாமல் போன நீர்க்கட்டி

மாலை நான்கு மணி. அடையாறு மருத்துவமனை ஒன்றில், ஆபரேஷன் தியேட்டர் வாசல் மேசை காலியாக இருந்தது. நஸ்ருன்னிசாவின் கணையத்திலிருந்து அகற்றிய நீர்க்கட்டி, மருந்து ஊற்றிய புட்டியோடு மாயமாகியிருந்தது.

"ஸ்கேன்ல சாதாரணக் கட்டிதான். ஆனா ஒரு ஓரத்துல புற்று ஒளிஞ்சிருந்தா? லேப்ல வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும் மணிமொழி," என்றார் டாக்டர் செம்பியன்.

முன்னாள் சப்-இன்ஸ்பெக்டரான மணிமொழி இப்போது அங்கே பாதுகாப்பு அதிகாரி. ஆபரேஷனைத் திரையில் பார்த்திருந்தாள். துடிக்கும் ரத்தக்குழாயோடு ஒட்டிக்கிடந்த கட்டியை, ஈரத்துணியிலிருந்து பூவிதழை எடுப்பதுபோல் பிரித்தார் டாக்டர். பக்கத்திலிருந்த மண்ணீரலில் கீறல்கூட இல்லை. மனிதக் கையா இது என்று மூச்சடக்கி நின்றாள்.

வழக்கம்போல் கட்டியை நஸ்ருன்னிசாவின் கணவரிடம் காட்டி, வாசல் மேசையில் வைத்துவிட்டு டாக்டர் உள்ளே ஓடியிருந்தார். பிறகு அங்கே இருந்தவர்கள் இருவர்: கணவர் அக்பர் பாஷா, வார்டு ஊழியர் நாகராஜ். சொந்த மனைவியின் கட்டியை யார் திருடுவார்? எல்லோரும் நாகராஜையே முறைத்தார்கள்.

"அத்த எடுத்து நான் இன்னா மேடம் பண்ணப்போறேன்? பாய் வெள்ளத்துணி கேட்டாரு. குடுத்துட்டு போய்க்கினே இருந்தேன்."

"துணி எதுக்கு?"

"கை தொடைக்கத்தான். வேற இன்னாத்துக்கு?"

அக்பர் பாஷா அப்போதுதான் கைகால் கழுவி வந்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தார்.

"பாய், வெள்ளத்துணி வாங்கினீங்களே. கையை ஏன் சட்டையில துடைக்கிறீங்க?"

அவர் மெல்லப் பையைத் திறந்தார். வெள்ளைத் துணிக்குள், திறக்காத புட்டி.

"குப்பையில போட்டுடுவாங்கன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. அது நஸ்ருனோட உடம்பு மேடம். அடக்கம் பண்ண வேணாமா? டெஸ்ட் இருக்குன்னு சத்தியமா தெரியாது."

மணிமொழி டாக்டரிடம் திரும்பினாள். "சைதாப்பேட்டையில எங்க பக்கத்து வீட்டு ஜைதூன் அம்மாவுக்குக் கால் விரலை எடுத்தப்பவும், வெள்ளத்துணியில சுத்தித்தான் அடக்கம் பண்ணாங்க. வெள்ளத்துணின்னு காதுல விழுந்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்."

அவள் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். அதைத் தன் மனைவியாகவே பார்த்த மனிதரிடம் குரலை உயர்த்த மனம் வரவில்லை.

சில நாள் கழித்து லேப் முடிவு வந்தது. புற்று இல்லை. மிச்சத்தை டாக்டரே அக்பர் பாஷாவிடம் ஒப்படைத்தார்.

சக்கர நாற்காலியிலிருந்து நஸ்ருன்னிசா சிரித்தாள். "ஏங்க, என்னில கொஞ்சத்தை முன்னாடியே மண்ணுக்கு அனுப்பி வைக்கிறீங்களா?"

அக்பர் பாஷா கண்ணைத் துடைத்தார். இப்போதும் சட்டையில்தான். கையிலிருந்த வெள்ளைத் துணி அவளுடையது.