கேட்டவர்களுக்கான வேண்டுதல்

உள்ளே இருந்த கூட்டத்துக்கு வாசலில் கிடந்த செருப்புகள் போதாது. சபிஹா அதைக் கவனித்தாள். கவனித்ததை யோசித்துப் பார்க்கத்தான் அவளிடம் தெம்பு இல்லை. வாரம் முழுக்கக் கல்லூரியில் இரண்டு மார்க் கேள்விக்கு விடை சொல்லிக்கொடுத்து, கட்டுக் கட்டாகப் பேப்பர் திருத்தி, ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டலாம் என்றால், ஊருக்கு உழைக்கிற ஆசை யாரை விட்டது? இடைக்கால ஆங்கிலக் கதைப்பாட்டுகளில் பத்து வருஷம் ஆராய்ச்சி செய்தவள். அதை நாலு பேருக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று அவளேதான் கேட்டு வாங்கிய வேலை இது. கீழக்குயில்குடி சமுதாயக்கூடத்தில் அருள்பாண்டி நடத்தும் வாசகர் வட்டம். கணவன் ஆரிப் துபாயில். மகள் முபீனாவை விட்டுவர ஆளில்லாததால் அவளும் கூடவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் காலத்து இங்கிலாந்துல கதைங்கிறது கண்ணுக்கு இல்ல, காதுக்கு. ஒருத்தர் வாசிப்பார், ஊரே கேட்கும்" என்று தொடங்கி, பனியில் வழி தவறிய குதிரைவீரன் ஒருவனின் கதையை அவள் சொல்லிக்கொண்டு போனபோது, வெளியே சமணர் மலை மேல் வெயில் இறங்கி, கூடத்தின் பின்வரிசைகள் இருட்டுக்குள் போய்விட, அந்த இருட்டிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாழ்ந்த குரலில் ஒரு "ம்" வந்தது. பல குரல்கள் ஒன்றாகச் சேர்ந்த "ம்". வழக்கமாகப் போனைத் தடவிக்கொண்டிருக்கும் கூட்டம் இன்று ம் கொட்டுகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முன்வரிசையில் முபீனா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

முடிக்கும் தறுவாயில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அருள்பாண்டி காதருகில் வந்தார்.

"மேடம், கடைசியில ஏதோ வேண்டுதல் இருக்குன்னீங்கள்ல, அது வேணாமே. நீங்க ஒரு மதம், அது ஒரு மதம், உட்கார்ந்திருக்கிறவங்க ஒரு மதம். எவனாச்சும் போன்ல எடுத்துப் போட்டான்னா எம்புட்டு வம்பு தெரியுமா?"

"அது இல்லாம கதை முடியாதுண்ணே. கேட்டவங்களுக்காக வேண்டித்தான் அனுப்பி வைப்பாங்க. எங்க துஆ மாதிரி."

"நன்றி வணக்கம் சொல்லி அனுப்பிருவோம் மேடம்."

வேறொரு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். இன்று தலை வலித்தது, கடைசிப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அருள்பாண்டி நன்றி சொன்னார். ஊர்க்காரர்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். பின்வரிசைகள் மட்டும் அசையவில்லை.

"அவங்களையும் கிளம்பச் சொல்லுங்கண்ணே, பூட்டணும்ல?"

அருள்பாண்டி திரும்பிப் பார்த்தார். "யாரை மேடம்?"

தூக்கக் கலக்கத்தில் கண் என்னத்தையாவது காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் பாதி சீட்டுகள் காலி. டீசல் நெடியும் யாரோ விட்டுப்போன மல்லிகையின் வாடல் மணமும் கலந்து அடித்தன. சாய்ந்து விழுந்த மகளை உலுக்கி, "தூங்கிராத, இறங்கணும்" என்றாள்.

"ம்."

முபீனாவின் உதடு மூடியே இருந்தது. பின் சீட்டில் ஆள் இல்லை.

காஜிமார் தெருவில் அவர்கள் வீட்டில் மட்டும் கரண்டு போயிருந்தது. கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வெக்கை முகத்தில் அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. மழையில் நனைந்த பாறையின் ஈர வாடையோடு குளிர்ந்த காற்று வந்தது, பங்குனி மாதத்தில். போன் வெளிச்சத்தில் பாயை விரித்து மகளை உட்காரவைத்தாள். அப்போது ஆரிப் கூப்பிட்டான்.

"இப்பத்தான் வந்தோம்ங்க. கரண்டு இல்ல."

"வீட்டுக்கு யாரு வந்துருக்கா சபி?"

"யாரும் இல்லையே."

"நீ பேசப் பேசப் பக்கத்துல ம் கொட்டுறாங்களே. நிறையப் பேரு."

போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. ஆத்திர அவசரத்துக்கு என்றைக்கு உதவியிருக்கிறது அது.

பேசாமல் இருந்தால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. பேசாமல் இருந்தாள். பேசாதபோதுதான் நன்றாகக் கேட்டது. துணி உரசுகிற சத்தம், சம்மணத்தை மாற்றிப் போடும்போது முட்டி சொடுக்குகிற சத்தம், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பொறுமையாக இழுத்துவிடும் மூச்சு. வீடு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பயத்தில் வாய்க்குள்ளேயே ஓதத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த வரி மறந்தது. மறுபடி தொடங்கினாள். மறுபடி மறந்தது.

"அம்மா" என்று முபீனா இருட்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "கதை இன்னும் முடியலையாம். அவங்களும் நானும் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

"நீ இங்க வா. அம்மாகிட்ட வா."

"ம்" என்றது வீடு. முபீனா வரவில்லை.

கையை நீட்டித் துழாவினாள். பாய் தட்டுப்பட்டது. ஒரு முழங்கால். குளிர்ந்த முழங்கால். குழந்தையுடையது இல்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

மூச்சுகள் நெருங்கின.

பிள்ளையை விட்டுவிட்டு இவர்கள் போகவேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டாம். அந்தக் கடைசிப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"இந்தக் கதையைக் கேட்ட அத்தனை பேரையும்..."

"ம்."

"இறைவன் தன் வீட்டுக்கு..."

"ம்."

"ஒருவர் விடாமல் கூட்டிச்செல்லட்டும்."

சத்தம் இல்லை.

பிறகு எழுந்தார்கள். எல்லாரும் ஒன்றாக. வாசல் தாழ்ப்பாள் தானே விலகியது. அவள் முகத்தை ஒட்டி, தோளை ஒட்டி, குளிர் வரிசையாகக் கடந்து போனது. வெகுநேரம் போனது. கடைசிக் குளிரும் போனபின் வீட்டுக்குள் பழைய வெக்கை திரும்பியது. சபிஹா தரையில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முடிந்தது. இனி பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்கலாம். அவ்வளவு தூக்கம் வந்தது அவளுக்கு.

கரண்டு வந்தது.

பாய் காலி.

"முபீனா?"

அடுப்படியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

ஓடினாள். தெருவில் பரோட்டாக் கடை வெளிச்சம், யாரோ சிரிக்கும் சத்தம், நிறுத்திவைத்த பைக்குகள். தெருவின் நடுவே, வெகுதூரத்தில், முபீனா. வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் மேலே தூக்கியிருந்தது. உயரமான இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருப்பதுபோல.

"முபீனா! நில்லுடா தங்கம்! அம்மா வாரேன்!"

திரும்பவில்லை. சிரித்தாள். ரெண்டு எட்டு நடந்து, இருபுறமும் தூக்கிவிட, காலை மடக்கி ஒரு குதி. தரைக்கு வந்தாள். மறுபடி ரெண்டு எட்டு. மறுபடி ஒரு குதி. இன்னும் உயரமாக. தரைக்கு வந்தாள்.

மூன்றாவது முறை கால்கள் தரைக்கு வரவில்லை.