திருவக்கரையில் ஒரு பகல்

மாலை ஏழரை மணி. ராயபுரம் கருப்பட்டி மொத்த வியாபாரி தவசிமுத்துவின் வீட்டுப் பீரோ திறந்து கிடந்தது. அடுத்த வாரம் கல்யாணம் ஆகவேண்டிய மகள் ஞானசெல்வியின் நகைப்பெட்டியைக் காணோம். பூட்டு உடைபடவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பரசுராமனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கிய லீவு. அதையும் வியாபாரிகள் சங்கத்துச் சுற்றுலாவுக்கென்று மனைவி சொக்கம்மாள் பிடுங்கிக்கொண்டாள். கல்லாய்ச் சமைந்த மரங்களைப் பார்க்க, இரண்டு வேன்களில் திருவக்கரை வரை குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். கோடி வருஷத்துக்கு முந்திய மரங்களாம். வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டதாம். அத்தனையும் செம்மண்ணில் பாதி புதைந்து, உடைந்த தூண்கள் போலப் படுத்துக் கிடந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்குள் வந்து சோழர் காலத்துக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. வேனை விட்டு இறங்கிய காலோடு இப்போது இங்கே.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு சார்?" தவசிமுத்து வேலைக்காரி கன்னியம்மாவைக் காட்டினார். "நாங்க எல்லாரும் திருவக்கரையில. வீட்டுல இருந்தவ இவ ஒருத்திதான்."

"பீரோ சாவி எங்கே வைப்பீங்க?"

"பைபிளுக்குப் பின்னால. வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும்."

"நீ வீட்டை விட்டு எங்கேயாவது போனியாம்மா?"

"தண்ணி புடிக்கப் போனேன் சார். கொயாவாண்ட ஒரே கும்பல். கதவ சாத்தினு போனேன், பூட்டல. அத்தத் தவிர நான் ஒண்ணும் பண்ணல சார்." என்றாள் கன்னியம்மா.

அப்படியானால் யாரும் நுழைந்திருக்கலாம். ஆனால் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வெளியூரில். பரசுராமன் கழுத்தைத் தடவினார். வெயில் பட்ட இடம் எரிந்தது.

சுவரோரம் தவசிமுத்துவின் அக்காள் மகன் ராசையா நின்றான். அதே வீட்டில் வளர்ந்து கடையைப் பார்த்துக்கொள்பவன்.

"நீங்க எந்த வேன்?"

"ரெண்டாவது சார். மாமாவும் நீங்களும் முதல் வேன்."

"அங்கே உங்களை நான் பார்க்கலையே?"

"எனக்கு வெயில் ஆகாது சார். கல்மரத்து நிழல்லயே துண்டை விரிச்சுப் படுத்துட்டேன். கோயிலுக்குக்கூட வரலை."

"நல்ல நிழலோ?"

"இருக்கிறதுலயே பெரிய மரம் சார். கிளை எல்லாம்கூடக் கல்லுதான்."

பரசுராமன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"பெட்டி எங்கே, ராசையா?"

"சார்?"

"காலையிலேருந்து ஒரு கை நிழலுக்கு நாயா அலைஞ்சவன்யா நான். அங்கே நிக்கிற கல்மரம் ஒண்ணுகூடக் கிடையாது. கிளையும் கிடையாது. எல்லாம் தரையோட தரையா கிடக்கு. படுத்துக் கிடக்கிற மரத்துக்கு அடியில நீ எப்படிப் படுத்தே? நீ வேன்லயே ஏறலை. இந்த வேன்காரங்க அந்த வேன்ல இருக்கேன்னு நினைச்சாங்க, அவங்க இதுல இருக்கேன்னு நினைச்சாங்க. கன்னியம்மா குடத்தைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் தெருவுல காத்திருந்தே. சாயங்காலம் வேன் வந்ததும் இறங்குற கூட்டத்தோட கலந்துட்டே."

ராசையா தலையைக் குனிந்துகொண்டான்.

"கடையில, கருப்பட்டி மூட்டைக்குள்ள இருக்கு" என்றான். பிறகு தவசிமுத்துவைப் பார்த்தான். "அவ எனக்குத்தான்னு சின்ன வயசுலேருந்து நீங்கதானே மாமா சொன்னீங்க? நகை இல்லேன்னா கல்யாணம் நிக்கும்னு நினைச்சேன்."

உள்ளறைக் கதவருகே நின்றிருந்த ஞானசெல்வி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"நான் போலாமா சார்?" என்றாள் கன்னியம்மா. "வூட்ல இன்னும் அடுப்பு பத்த வெக்கல."

"போம்மா."

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். "காலையில சீக்கிரம் வந்துரு. கல்யாண வேலை நிறைய இருக்கு."

"வரமாட்டேன் நைனா. திருடின்னு சொன்ன வூட்ல எனுக்கு இன்னா வேலை கீது?"

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.