பிணம் ஓடாது

திரையில் பிணம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் அது நடந்துகொண்டிருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினான். அதே ஓசைதான். ஒரு கால் மணலில் பதிய, இன்னொரு கால் அவசரமே இல்லாமல் இழுபட்டு வந்து அதனுடன் சேர்ந்துகொண்டது.

பள்ளிக்கூட வயதில் ஒரு பழைய பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கவிடாமல் வீட்டையே படுத்தியவன் அவன். அதில் செத்தவர்கள் நடப்பார்கள். எப்படியும் வந்து சேர்ந்துவிடுவோம் என்ற அந்த நிதானத்தில்தான் பயமே இருந்தது. இப்போது அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள். ஒலிவேலை தன்னிடமே வந்தபோது துள்ளிக் குதித்தான். துள்ளல் முதல் ரீலோடு முடிந்தது.

"நடக்குற பொணத்தப் பாத்து இப்ப யாரு சார் பயப்படுறா? ஓட விடுங்க," என்றார் இயக்குநர். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி படம் முழுக்கப் பிணங்கள் தலைதெறிக்க ஓடின. செத்தவனுக்கு என்ன அவசரம்?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவு அறையில் இருந்தவன் அவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி. திரையைப் பார்த்துக்கொண்டே, மணல் தட்டில் பூட்ஸ் காலோடு நின்ற இடத்திலேயே ஓடி, பிணங்களுக்குக் காலடி ஓசை கொடுப்பது அவன் வேலை. திரை தெளிவாகத் தெரிய அங்கே விளக்கை அணைத்திருப்பார்கள். சிறுவயதிலிருந்தே அவனுக்கு இதயக் கோளாறு. இன்று மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டான். அக்கா எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சற்றுமுன் இருட்டிலிருந்து குரல் வந்தது. "மாமா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. கொஞ்சம் உக்காரட்டுமா?"

"இந்த ரீல முடிச்சிட்டு உக்காருடா. எனக்கு மட்டும் ஆசையா என்ன? அந்த ஆளு வந்து என் தலையைத்தான் உருட்டுவான்."

இயக்குநர் மேல் இருந்த எரிச்சலை மச்சினன் மேல் காட்டிவிட்டான். பிறகு ஏதோ தொப்பென்று விழுந்தது. தட்டைத் தள்ளிவிட்டான் போல என்று திட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அதன்பிறகுதான் இந்த நடை.

என்ன நடை! ஓடச் சொன்னவனுக்கு எதிராகப் பையன் கிளம்பிவிட்டான் என்று அவனுக்குச் சிரிப்பே வந்தது. மைக்கை அழுத்தினான்.

"இதுதான்டா! இதத்தான் நானும் தலைபாடா அடிச்சிக்கிட்டேன்!"

நடை நிற்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினான். பேன்ட் துணி உரசியது. மணல் நொறுங்கியது. பூட்ஸின் தோல் முனகியது. எது குறைகிறது என்று உடனே பிடிபடவில்லை. காலையிலிருந்து அவன் செய்துகொண்டிருந்ததெல்லாம் ஒரே வேலைதான்: காலடிகளுக்கு நடுவே கேட்ட மச்சினனின் மூச்சிரைப்பை வெட்டி எடுப்பது.

இப்போது வெட்டுவதற்கு எதுவும் இல்லை.

இன்னும் கூட்டினான். மூச்சு இல்லை. எங்குமே இல்லை.

"டேய்... விளையாடாத."

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். இருட்டுக்குள் ஓர் இருட்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அசைந்தது.

ஹெட்போனில் அந்த அறையின் பின்கதவு திறக்கும் ஓசை. செருப்புச் சத்தம். மாத்திரை அட்டையின் சலசலப்பு.

"தம்பி? ஏன்டா இருட்டுல நிக்குற?"

நடை நின்றது.

"உள்ள வராத! வெளிய போ!" மைக்கில் அலறினான்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? அவனுக்கு மாத்திரை குடுக்க வேணாமா?"

ஹெட்போனைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு எழுந்தான். இந்தக் கதவு, பிறகு சின்ன நடைவழி, பிறகு அந்தக் கதவு. போய்விடலாம். அவளை இழுத்து வந்துவிடலாம். நேரம் இருக்கிறது. செத்தவன் ஓடமாட்டான். இது அவனுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

கைப்பிடியைப் பிடித்தான்.

கழுத்திலிருந்த ஹெட்போனில் மணல் தெறித்தது.

வேகமாக. மிக வேகமாக.

அவள் கத்தி முடிக்கவில்லை. கண்ணாடியில் அவளுடைய உள்ளங்கை வந்து அறைந்தது, ஒட்டியது, விரல் விரலாகக் கீழே வழுக்கியது. அந்த இடத்தில் மச்சினனின் முகம் எழுந்தது. அவனைத் தேடியது. கண்டுகொண்டது.

பிறகு நடைவழிப் பக்கம் திரும்பி ஓடியது.

அவன் கை கைப்பிடியில் இருந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ அதைத் திருப்பினார்கள்.