இடப்பக்க முன் இருக்கை

காரின் இடப்பக்க முன் இருக்கையில், சாய்ந்து உட்காருகிறவரின் பின்னந்தலை படும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது. முந்தின நாள்தான் வல்லிநாயகம் அந்தத் தோலுக்கு மெழுகு தேய்த்துத் துடைத்திருந்தார். கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி அவர் அரைஞாணில்.

செங்கோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது வாங்கிய ஆஸ்டின் அது. தென்காசியில் அன்றைக்குக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலையாட்களின் கை அதில் படுவதற்கு அவர் சம்மதித்ததே இல்லை. விளக்குக் கூடுகளை அவரே துடைப்பார். கதவைத் திறந்து, தோலும் பெட்ரோலும் பழைய மரமும் கலந்து வரும் அந்த வாசனையைக் கண்மூடி இழுப்பார். “பெத்த பிள்ளைய ஒரு நாள் இப்படிக் குளிப்பாட்டுனதில்ல” என்று மனைவி உலகம்மை குத்திக்காட்டுவாள்.

கறையைச் சோப்பு போட்டுத் துடைத்தார். மறுநாள் திரும்ப இருந்தது. குனிந்து முகர்ந்தார். நல்லெண்ணெய், அதற்கடியில் சீயக்காய். குற்றாலத்துக்கு அருவிக் குளியலுக்குப் போகிறவர்களின் மணம்.

யாருடைய தலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உலகம்மையின் அண்ணன் சங்கரநாராயணன் ஆனிக் கடைசியில், தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போனவர், பாறையில் வழுக்கி விழுந்து அங்கேயே இறந்துபோனார். இலஞ்சியில் இருந்த அவர் வீட்டுக்கு உடலைக் கொண்டுபோக அந்த மழையில் வண்டி அகப்படவில்லை. வல்லிநாயகம்தான் காரில் ஏற்றினார். படுக்க வைக்க இடம் போதாமல், சங்கரநாராயணன் வழக்கமாக உட்காரும் முன் இருக்கையிலேயே உட்காரவைத்துத் துண்டால் கட்டினார்கள். உயிரோடிருந்தபோது, கதவில் மோதிரக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, “ம், விடும்வே மாப்ளே! சீமைத் துரை சவாரி போறாருன்னு ஊரு பாக்கட்டும்” என்பார். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வந்தார்.

காரைவிட்டு இறங்குகிற யாருக்கும் கதவைத் தானே திறந்து, “போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்புவது வல்லிநாயகத்தின் பெருமை. அன்றும் கதவைத் திறந்தார். நாலு பேர் உடலைத் தூக்கினார்கள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“போயிட்டு வாங்க மச்சான்.”

துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்த, சாவுச் சடங்குகள் செய்யும் குடிமகன் மந்திரமூர்த்தி வெடுக்கென்று நிமிர்ந்தான்.

“ஐயா, என்ன சொல்லிப்புட்டீய?”

“என்னத்தச் சொன்னேன்?”

“எழவு வீட்ல இருந்து கெளம்புத நாமளே ‘போயிட்டு வாரேன்’னு சொல்ல மாட்டோம். செத்தவுகளயே வரச் சொல்லுதீயளே! ‘போங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கய்யா. இப்பவே.”

மச்சானைப் பார்த்துப் ‘போ’ என்பதா? அதுவும் உலகம்மை கேட்டுக்கொண்டு நிற்கையில்? வல்லிநாயகம் அதைச் சொல்லாமலே கார்க் கதவைச் சாத்தினார்.

மச்சானுக்குப் பிள்ளை இல்லை. வல்லிநாயகத்தின் நாலு வயது மகள் ஆவுடைத்தாய்தான் அவருக்கு உயிர். ஆவணியில் அவளைத் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் சாவு விழுந்து துஷ்டி ஆனதால் அதைத் தள்ளிவைத்தார்கள். மச்சானின் மனைவி குருவம்மாள் தனியாக இருக்கிறாளே என்று குழந்தையை இலஞ்சியில் விட்டிருந்தார்கள்.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம் அங்கிருந்து ஆள் ஓடிவந்தான். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“மாட்டு வண்டிய பூட்டச் சொல்லுங்க. அந்தக் காரு வேண்டாம்” என்றாள் உலகம்மை. அவளும் மோந்து பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“வண்டி போய்த் திரும்புதுக்குள்ள பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?”

கொட்டகையில் அந்த இருக்கை அமுங்கியிருந்தது, ஒரு முழு ஆளின் கனத்துக்கு. வல்லிநாயகம் கைகூப்பினார்.

“போங்க மச்சான்.”

மெத்தைக்குள் சுருள்கம்பிகள் ஒவ்வொன்றாக முனகின. பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. எண்ணெய் மணம் விலகி, தோல் வாசனை திரும்ப வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கார் அவருடையதாக மறுபடியும் அவர் கைக்கு வந்திருந்தது.

சாரல் கண்ணாடியை மறைத்தது. கண்ணாடிக்கு மேலே, உள்பக்கம், துடைப்பானை ஆட்டச் சின்னக் கைப்பிடி ஒன்று உண்டு. ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டே இலஞ்சி போய்ச் சேர்ந்தார். துக்கம் காக்கும் குருவம்மாள் வாசல் தாண்டவில்லை. கம்பளியில் சுற்றிய குழந்தையை நிலைப்படியில் நின்றே நீட்டினாள்.

“காலையில இருந்து ஒரே புலம்பல் அண்ணே. மாமா கூட்டிட்டுப் போக வாராவளாம்.”

“காய்ச்சல் வேகத்துல சொல்லுதா, தாயி.”

குழந்தையைப் பின் இருக்கையில் படுக்கவைத்தார். “முன்னால வரக் கூடாது, என்ன?”

“மாமா எங்கன உக்காருவாவ?”

“மாமா போயிட்டாவட்டி.”

அவரைத் தாண்டி, இடப்பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள்.

இலஞ்சி தாண்டியதும் இருபுறமும் வயல். மலையை மேகம் விழுங்கியிருந்தது. இன்னும் பொழுது அடையவில்லை. ஆனாலும் வெளிச்சம் சாம்பல் கரைத்த தண்ணீர் போலத்தான் இருந்தது. தவளைகளின் ஓயாத சத்தத்துக்கு நடுவே எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமி, நின்றுவிட்டது. ஈரத்தில் அது நிற்பது புதிதில்லை. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். காரின் முன்னால் குனிந்து, மாட்டி, முழு பலத்தோடு சுழற்றினார்.

தவளைகள் ஓய்ந்தன.

மீண்டும் சுழற்றினார். மழை முதுகில் விழுந்தது. அதையும் மீறி ஒரு மணம் வந்தது. நல்லெண்ணெய்.

கதவில் தட்டும் சத்தம். உள்ளிருந்து. இரண்டு தட்டு.

எஞ்சின் உயிர்பிடித்தது.

வல்லிநாயகம் நிமிர்ந்தார். கண்ணாடி முழுக்க நீர். உள்ளே எதுவும் தெரியவில்லை.

“ஆவுடை!”

துடைப்பான் அசைந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். நிதானமாக.

அரைவட்டமாகக் கண்ணாடி தெளிந்தது.

குழந்தை முன் இருக்கையில் இருந்தாள். இடப்பக்கம். எழுந்து நின்றால்தான் கண்ணாடிக்கு எட்டுகிற பிள்ளை. நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். ஒரு மடியின் உயரத்தில். இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தியிருந்தாள். துடைப்பான் ஆடிக்கொண்டே இருந்தது.

மெல்லக் கைகளை எடுத்தாள்.

இரண்டு காதுமடலிலும் குத்திய புதுத் துளையிலிருந்து இரத்தம் மெல்லிய கோடாகக் கழுத்துக்கு இறங்கியது. அவள் அழவில்லை. அலுத்துப்போன குழந்தை போலக் கண்ணைச் செருகிப் பின்னால் சாய்ந்தாள். இருக்கையின் தோல் இன்னும் எட்டத்தில் இருக்க, பாதியிலேயே அவள் தலை எதன்மீதோ அணைந்து நின்றது.