தயக்கம் பதினெட்டு ரூபாய்

ஒரு மனிதத் தயக்கத்தின் விலை அன்று காலை பதினெட்டு ரூபாய்.

விருதுநகர் சந்தை நிலவரத்தில் உளுந்துக்கும் குண்டு மிளகாய்க்கும் கீழே அது தனி வரியாக வந்திருந்தது: ‘பள்ளித் தயக்கம், முதல் ரகம், ஒன்று ரூ. 18.’ வெள்ளிக்கிழமையைவிட இரண்டு ரூபாய் ஏற்றம். பால்துரை பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தார். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பாடவேளையில் முப்பது தயக்கம், அதில் தனக்கு நூற்றுக்கு ஐந்து. பெருக்கி முடித்த பிறகுதான் வாய் கொப்பளித்தார்.

பள்ளிக்கு முதல் ஆளாகப் போய்க் கணினிக்கூடத்தைத் திறந்தார். திங்கட்கிழமைக்கென்று அவருக்கு ஒரு வேலை உண்டு. தன் மேசைக் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினார். நாற்பது ஒளிவிசைப் பலகைகளிலும் எழுத்துகள் அணைந்து, வேறு வேறு இடங்களில் மறுபடி எரிந்தன. போன வாரம் ‘க’ இருந்த இடத்தில் இப்போது ‘ழ’. ‘ப’ எங்கேயோ மூலையில். அரசு அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க எழுத்துகள் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும். இந்தக் கூடத்தில் மட்டும் அவை வாரா வாரம் வீடு மாறும்.

எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது. சொற்செயலியில் கடிதம் எழுதும் பாடம்.

“சார், ‘ம’வக் காணோம் சார்.”

“ஓடியா போயிரும்? தேடு.”

“போன வாரம் இங்கதான சார் இருந்துச்சு?”

“போன வாரம் நீ எழுவது மார்க் வாங்குவேன்னு உங்கப்பாகூடத்தான் என்கிட்ட சொன்னாரு. வாங்குனியா? உக்காந்து தேடுலே.”

பையன் தேடினான். அவன் விரல் காற்றில் நின்ற ஒவ்வொரு முறையும் பெஞ்சு மூலையில் ஒரு பச்சை விளக்கு மினுங்கி அணைந்தது. மற்ற பெஞ்சுகளிலும் அப்படியே. பால்துரைக்கு அது திருவிழாச் சரவிளக்கு மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதில்லை. மூன்று வருடமாக அவர்கள் முகத்தில் இருந்தது ஒரே கடுப்புத்தான். அதற்குச் சந்தையில் விலை இல்லாததால் அவர் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் எந்திரமே எழுதத் தொடங்கிய பிறகு வந்த வினை இது. பிழையில்லாத கடிதம், வழவழப்பான மனு, கண்ணீர் வரவழைக்கும் மன்னிப்பு எல்லாம் நொடியில் கொட்டியது. அளவுக்கு மேல் விளைந்த சரக்கை யார் மதிப்பார்கள்? பத்திர அலுவலகமும் நீதிமன்றமும் வழவழப்பான எழுத்தை நம்புவதை விட்டுவிட்டன. ஒரு கடிதத்தை மனிதர்தான் எழுதினார் என்று காட்ட, எழுதும்போது எங்கே நின்றார், எதை அழித்தார், எதை மாற்றினார் என்ற விசைச்சுவடு கூடவே போக வேண்டும். சுவடு சரியாக இருந்தால் உயிர்முத்திரை விழும். இல்லாவிட்டால் ‘எந்திர எழுத்து’ என்று திரும்பி வரும்.

மனிதன் மாதிரித் தயங்க எந்திரங்களும் ஆசைப்பட்டன. அதற்குப் பாடம் வேண்டும், பாடத்துக்கு அசல் தயக்கம் வேண்டும். பெரிய கம்பெனிகள் கொள்முதலில் இறங்கின. பிள்ளைகளின் தயக்கத்தில் கலப்படம் இருக்காது என்பதால் அது முதல் ரகம். பள்ளிகள் அதை விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு கோளாறு. பிள்ளைகள் தட்டச்சுக் கற்றுக்கொண்டுவிட்டால் தயக்கம் வற்றிவிடும். கற்றுக்கொடுக்கச் சம்பளம், கற்றுக்கொள்ளாமல் இருக்கக் கமிஷன். பலசரக்கு வியாபாரிகள் வீட்டில் பிறந்த பால்துரைக்கு எந்தத் தட்டு கனம் என்று நிறுத்துப் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை.

அன்று பதினேழாம் பெஞ்சில் விளக்கு எரியவில்லை.

பல்பு போய்விட்டது என்று நினைத்துக் கிட்டே போனார். தெய்வக்கனி உட்கார்ந்திருந்தாள். பருப்பு மண்டியில் சாக்குத் தைக்கும் பெண்ணின் மகள். திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, மழை பெய்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் எழுத்துகள் அரசு அடுக்கில் ஒழுங்காக எரிந்தன.

“இத யாரு மாத்துனது?”

“நான்தான் சார். அமைப்புகள்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போனா பழைய இடத்துக்கு வந்துரும். மண்டிக் கணினியில அப்படித்தான் தட்டிப் பழகுனேன்.”

“அமைப்புகளுக்குள்ள போகச் சொல்லி நான் பாடம் நடத்துனேனா?”

“நீங்க எதுவும் நடத்தல சார்.”

வகுப்பில் தட்டுகிற சத்தம் நின்றது. நாற்பது விளக்கும் ஒருசேரப் பச்சையாக மினுங்கின. அந்த நேரத்திலும் பால்துரையின் மனசு அதை எண்ணிக்கொண்டது.

“என்ன தாயி, வாய் நீளுது?”

“எங்கண்ணன் உங்ககிட்டதான் படிச்சான் சார். அரசு தட்டச்சுத் தேர்வுல மூணு தடவ உக்காந்தான். அங்க பலகையில எழுத்து வேற மாதிரி இருக்குன்னு முழிச்சிட்டு வந்தான். இப்ப ஒரு சம்பள பாக்கி கேக்கணும்னாலும் எழுத்தருக்குத் துட்டு குடுத்துத்தான் மனு எழுதணும். இவ்வளவு நாளா அவன் மக்குன்னு நெனச்சோம்.”

“இப்ப?”

“இப்ப நெனைக்கல.”

“வெளிய போ.”

அவள் போனாள். போவதற்கு முன்னால் பக்கத்துப் பெஞ்சுப் பையனின் பலகையில் ஏதோ மூன்று விசையைத் தட்டிவிட்டுப் போனாள். அவனுடைய விளக்கும் சற்று நேரத்தில் மந்தமாகிவிட்டது.

புதன்கிழமை அவள் பள்ளிப் புகார்ப்பெட்டிக்குக் கடிதம் எழுதினாள். ‘கணினி ஆசிரியர் தயக்கம் விற்பதற்காக வாரந்தோறும் எழுத்துகளை இடம் மாற்றுகிறார். அதனால் மூன்று வருடமாக யாரும் தேர்வில் தேறவில்லை.’ பெயர், வகுப்பு, பெஞ்சு எண் எல்லாம் சுத்தம். நிரூபணமானால் பால்துரைக்கு வேலை போகும், மூன்று வருடக் கமிஷனையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடிதம் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. தயக்கம்: பூஜ்யம். அழிப்பு: பூஜ்யம். எந்திர எழுத்து.

தலைமையாசிரியை எஸ்தர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “முத்திர விழலையே பிள்ள. இத நான் எப்படி ஏத்துக்கிறது?”

“நான்தான் டீச்சர் எழுதுனேன்.”

“அப்ப எங்கயாவது ஒரு எடத்துல நின்னிருப்பேல்ல?”

“நடந்தத எழுதுனேன். எதுக்கு நிக்கணும்?”

பால்துரை சிரித்தார். “மேடம், இதுதான் நான் சொல்றது. பழகாத கைன்னா நாலு எடத்துலயாவது தடுமாறும். இது எந்திரத்துக்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்து நிக்குது. பொய்ப் புகாருக்கு ஒரு வாரம் வெளிய நிக்கச் சொல்லுங்க.”

“வேணும்னா மறுபடி எழுது,” என்றார் எஸ்தர், அவளைப் பார்த்து. “கொஞ்சம் நின்னு நின்னு.”

“நடிச்சாத்தான் நம்புவீங்களா?”

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. தெய்வக்கனி ஒரு வாரம் கூடத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார். இருந்தாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டால் ஆசிரியரும் மறுப்பு எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பால்துரை மறுப்பை எழுத உட்கார்ந்தார். நாலு வரிக் கடிதம்தான். எழுதினார், அழித்தார். ‘அந்தச் சனியன்’ என்று எழுதி, அழித்து, ‘மாணவி தெய்வக்கனி’ என்று போட்டார். இரண்டாவது வரி பாடாய்ப் படுத்தியது. ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் துடைத்தார். விரல் அந்தரத்தில் நின்றது. அவர் மேசை விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அனுப்பியதும் முத்திரை விழுந்தது: தயக்கம் அறுபது, மனித எழுத்து, ஏற்கப்பட்டது. வழக்கம்போல் கீழே ஒரு கேள்வி: ‘இச்சுவட்டைச் சந்தைக்கு அனுப்பவா?’

வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குக் கேள்வியைப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் இருக்க முடியுமா? தரகர் சங்கரலிங்கத்தைப் போனில் பிடித்தார்.

“அண்ணாச்சி, அலுவல் மறுப்பு என்ன போகுது?”

“பெரியவங்க மறுப்பா? அண்ணாச்சி, அதுக்கு இப்ப அடிதடி. ஐம்பத்திநாலு. பிள்ளைங்க சரக்க மாதிரி மூணு பங்கு.”

“எல்லாரும் மறுப்பு எழுதுறாங்களே, அப்புறம் என்ன கிராக்கி?”

“எழுதுறவன்லாம் எந்திரத்த வச்சு எழுதுறான். சொந்தமா உக்காந்து தெணறுறவன் யாரு இருக்கான்? ஆனா சரக்கு அசலா இருக்கணும். வாங்குறவன் குத்தூசி போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பான்.”

“பேரு போடுவீங்களா?”

“பேரெல்லாம் கிடையாது. ஊரு, ரகம், எண்ணிக்க. அவ்வளவுதான்.”

பால்துரை ‘ஆம்’ தட்டினார். மாலைக்குள் மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் கணக்கில் ஏறியது. அன்று சாயங்காலம் எண்ணெய்ப் புரோட்டா நாலு தின்றுவிட்டு, கூடவே சால்னா இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமையும் எழுத்துகளை இடம் மாற்றினார். எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது. தண்டனை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தும் தெய்வக்கனியும் வந்தாள். அவளுக்குப் பின்னால் எஸ்தர் வந்தார்.

“இது எதுக்கு உள்ள வந்துச்சு?” என்றார் பால்துரை.

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றார் எஸ்தர். “என்னமோ காட்டணுமாம்.”

தெய்வக்கனி நேராக ஆசிரியர் மேசைக்குப் போய் ஒரு கோப்பைத் திறந்தாள். கோப்புத் திறப்பது, பால்துரை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே பாடம். சுவரில் இருந்த பெரிய திரை விழித்தது.

இந்த ஊரில் சாக்குக்குள் குத்தூசி இறக்கி, வருகிற ஒரு பிடிச் சரக்கைப் பார்க்காமல் யாரும் மூட்டை எடுப்பதில்லை. சந்தை மின்வலைக்குப் போனபோதும் அந்த வழக்கம் போகவில்லை. இருநூறு ரூபாய் கட்டினால் சந்தை நிலவரப் பலகையில் இருக்கும் எந்தச் சரக்கையும் யாரும் பிரித்துப் பார்க்கலாம். இது பால்துரைக்குத் தெரியாததா? தெரியும். தன்னையும் மூட்டையில் கட்டி அனுப்பியிருக்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை.

“எங்கம்மா வேல செய்ற மண்டியில நிலவரப் பலக இருக்கு,” என்றாள் தெய்வக்கனி. “வெள்ளிக்கிழம அதுல ஓடுச்சு. ‘விருதுநகர், பள்ளி, அலுவல் மறுப்பு, தயக்கம் அறுபது.’ மறுப்பு எழுதுற பள்ளிக்கூடம் நம்ம ஊர்ல அன்னைக்கு வேற எது டீச்சர்? ஆளுக்கு அஞ்சு ரூவா போட்டோம்.”

திரையில் ஒரு சுட்டுக்கோடு துடித்தது. எழுத்துகள் தாமே வரத் தொடங்கின.

‘அந்தச் சனியன்’ என்று வந்து, நின்று, பின்னோக்கி அழிந்தது. வகுப்பு ஓவென்று சிரித்தது. அந்தக் கூடத்தில் மூன்று வருடத்தில் கேட்ட முதல் சிரிப்பு. அதில் அன்பு ஒரு துளியும் இல்லை.

பிறகு இரண்டாவது வரி.

‘எழுத்துகளை மாற்றியது நான்தான், ஆனால்’. நின்றது. அழிந்தது.

‘கமிஷன் குறைவாக இருந்ததால் மாற்ற வேண்டி’. அழிந்தது.

‘மூன்று வருடமாக மாற்றுகிறேன், இதுவரை யாரும்’. நெடுநேரம் நின்றது. பால்துரைக்கு அந்த நிற்றல் நன்றாக நினைவிருந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே தெய்வக்கனி நின்றுகொண்டிருந்தாள். அழிந்தது.

கடைசியில், ‘எழுத்துகள் மாறியது பற்றி எனக்கு எதுவும் தெரியாது.’ முத்திரை விழுந்தது: மனித எழுத்து.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“மேடம், அழிச்சது கணக்குல வராது,” என்றார் பால்துரை. “எழுதி அனுப்புனதுதான் கடிதம்.”

“அழிச்சதுக்குத்தான சார் துட்டு வாங்குனீங்க?” என்றாள் தெய்வக்கனி.

எஸ்தர் ஒரு நாற்காலியை இழுத்துப் பதினேழாம் பெஞ்சு முன்னால் போட்டார். “உக்காருங்க பால்துரை சார். நடந்தத எழுதுங்க. இங்கயே, இந்தப் பலகையிலயே.”

“என் மேசையில எழுதுறேனே.”

“இதுல என்ன கொற? பிள்ளைங்க எழுதல?”

உட்கார்ந்தார். ‘நான்’ என்று தொடங்க வேண்டும். ‘ந’ எங்கே? காலையில் அவரே கலைத்த பலகை. விரல் மேலே போனது, கீழே வந்தது, காற்றில் நின்றது. பச்சை விளக்கு மினுங்கியது. ‘ந’ கிடைத்தபோது துணைக்கால் தொலைந்தது. அது கிடைத்தபோது புள்ளி தொலைந்தது.

“ஓடியா போயிரும்?” என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். “தேடுங்க சார்.”

எஸ்தர் அதட்டவில்லை. வேர்வை பலகையில் சொட்டியது. துடைக்கக் கையை எடுத்தால் அதற்கும் ஒரு விளக்கு எரிந்தது. எழுத வேண்டியது எல்லாம் இம்முறை அவருக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் தெரிந்திருந்தது. கைதான் போகவில்லை. ஆறு வரி எழுத ஒரு முழுப் பாடவேளை பிடித்தது. மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

முத்திரை விழுந்தது. கீழே அந்தக் கேள்வி வந்தது: ‘இச்சுவட்டைச் சந்தைக்கு அனுப்பவா?’ எஸ்தர் குனிந்து ‘ஆம்’ தட்டினார். “பள்ளித் தயக்கம், பதினெட்டு ரூவா ரகத்துலயே போகட்டும். கூடத்துக் கணக்குல எல்லாம் பாத்தேன், மூணு வருஷக் கமிஷன் ஆறு லட்சத்துப் பன்னெண்டாயிரம். கணக்க நீயே சொல்லு பிள்ள.”

தெய்வக்கனி முன்னால் வந்து நின்றாள். மண்டியில் மூட்டை எண்ணுகிற குரல் வந்தது.

“சார் தர வேண்டியது: கமிஷன் ஆறு லட்சத்துப் பன்னெண்டாயிரம். மறுப்பு வித்த காசு மூவாயிரத்து இருநூத்தி நாப்பது. நாங்க போட்ட குத்தூசிக் கூலி இருநூறு. ஆக ஆறு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து நானூத்தி நாப்பது. இன்னைக்கு வரவு, தயக்கம் இருநூத்திப் பதினொண்ணு, பதினெட்டு வீதம் மூவாயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு. பாக்கி, ஆறு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பத்திரெண்டு.”