படியில்லாத வாசல்

"விடுங்க! யாரு உங்களைத் தூக்கச் சொன்னது?"

அந்தக் குரலுக்கு மழையே ஒரு நொடி நின்றுவிட்டதுபோல இருந்தது இளங்கோவனுக்கு. அவன் பின்பக்கம், மேஸ்திரி கண்ணையன் முன்பக்கம். இருவரும் சேர்ந்து அந்தச் சக்கர நாற்காலியை அப்போதுதான் நான்காவது படிக்கு ஏற்றியிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் நனைகிறாளே என்று ஓடிவந்தவர்கள்... ஒரு நன்றியை எதிர்பார்த்தவர்கள்.

அவள் திரும்பினாள். இமைகளில் மழைத்துளிகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கோபம் இவ்வளவு அழகாக இருக்குமா என்ன? மடியில் துப்பட்டாவில் சுற்றிய ஒரு தடித்த நாவல். எங்கோ பனி பொழியும் தேசத்துக் கதை. அவள் முழுக்க நனைந்திருந்தாள். அது நனையவில்லை.

"நனையறீங்களேனு..."

"நனைஞ்சா காஞ்சிடும். கேக்காம தூக்கறதுக்கு நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

கண்ணையன் சிரித்தார். "அட, முருகன் மலைக்கே முன்னூத்தி அறுவத்தஞ்சு படி கீது. நாலு படிக்கு இந்தக் கத்து கத்துறியேம்மா!"

"மலைக்கு ரோடும் இருக்குது மேஸ்திரி. இந்த வீட்டுக்குத்தான் இல்ல. யாரு இதுக்கு பிளான் போட்ட புண்ணியவான்?"

இளங்கோவன் தொண்டையைச் செருமினான். "நான்தாங்க."

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய அரிசி ஆலை இருந்த குறுகிய மனையில் பன்னிரண்டு வரிசை வீடுகள். அவன் முதன்முதலாகத் தனியாக வரைந்த திட்டம். வீட்டுக்கு வீடு பொதுச்சுவர் என்பதால் வெயில் தாக்கும் பக்கங்கள் குறைவு. செங்கல்லில் பாதி, இடித்த ஆலையுடையது. மாதிரி வீடு மட்டும் முடிந்திருந்தது. அதைத்தான் அவள் பார்க்க வந்திருந்தாள்.

"ரோடு போடப் போட ஒசந்துகினே போவுதுங்க. மலைத்தண்ணி உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் படி. பின்பக்கம் சாய்தளம் வெச்சிருக்கேன்."

"பின்பக்கம்... கேஸ் சிலிண்டர் வர்ற வழியா?"



அவள் பெயர் சாய்லக்ஷ்மி. தாலுகா ஆபீசில் கணினிப் பிரிவு. மூன்று வருடங்களுக்கு முன் திருப்பதி சாலையில் நடந்த ஒரு விபத்து அவள் கால்களின் அசைவை எடுத்துக்கொண்டது. அண்ணன் சாய்கிருஷ்ணனின் மாடி வீட்டிலிருந்து தினமும் காலையில் அண்ணனும் ஆட்டோக்காரரும் அவளைத் தூக்கி இறக்குவார்கள். அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில் அவளுக்கு உலகம் அந்த மாடியோடு முடிந்தது. தன் கையால் கதவைத் திறந்து, தானே வெளியே போய், தானே திரும்பி வர ஒரு வீடு... அவள் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும்.

"இந்த ஜன்னல் யாருக்கு? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"இறக்கிடறேன்."

"பாத்ரூம் கதவு உள்பக்கம் தொறக்குது. நான் உள்ள போனா கதவு மூடாது. மூடினா நான் உள்ள இல்ல."

"மாத்திடறேன். இன்னும் ஏதாச்சும் திட்டு பாக்கி இருக்குதுங்களா?"

"ஆங்... இருக்குது. யோசிச்சு வெக்கிறேன்."

அவன் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்தே வேலை பார்த்தான். அன்று மாலை உள்ளங்கை கொப்புளங்களோடு முழுத் திட்டத்தையும் அழித்து வரைந்தான். வீடுகளை உயர்த்துவதற்குப் பதில் அவற்றின் முன்னால் உள்ள சந்துப் பாதையையே சாலையிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தினான். ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் ஓர் இரும்புச் சல்லடை. மழைநீர் அதில் இறங்கி, அடியில் உள்ள பொதுத் தொட்டிக்குப் போகும். பன்னிரண்டு வீட்டிலும் படி என்பதே இல்லாமல் போனது.

"ஒரு பொண்ணு திட்டுச்சுன்னு தெருவையே தூக்கிட்டியே சார்!" என்றார் கண்ணையன்.

"கேட்டுட்டுத்தான் தூக்கினேன் மேஸ்திரி."

பக்கத்தில் இருந்த சாய்லக்ஷ்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான்... அவள்மேலுள்ள ஆசையை அம்மாவிடமும் சொன்னான்.

அவள் வாங்கிய ஐந்தாம் எண் வீட்டின் கிரகப்பிரவேசம். எல்லோருக்கும் லட்டு கொடுத்தபடி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள் சாய்லக்ஷ்மி. தடுக்க ஒரு நிலைப்படி இல்லை. சக்கரம் ஓசையே இல்லாமல் உருண்டது. அதனால்தான் சமையலறையில் நின்ற இருவருக்கும் அவள் வந்தது தெரியவில்லை.

"நல்ல பொண்ணுதாண்டா. பாத்தா எனக்கே கண்ணு கலங்குது," என்றாள் இளங்கோவனின் அம்மா ஞானம்மாள். "ஆனா, வலது காலை எடுத்து வெச்சு வாம்மான்னு நான் யாரைடா கூப்பிடுவேன்?"

அவன் திரும்பினான். வாசலில் அவள். கண்கள் தட்டைவிட்டு நிமிரவில்லை.

"லக்ஷ்மி... அம்மா ஏதோ..."

"அவங்க ஆசையைத்தானே சொன்னாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க."

பதறிப்போய், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுவதாக நினைத்து அவன் சொன்னான்: "நான் இருக்கேன் லக்ஷ்மி. வாழ்நாள் பூரா உன்னைத் தூக்கிச் சுமப்பேன்."

அவள் கண்களில் ஏதோ அணைந்தது. அதை அவன் பார்த்தான்... ஏன் என்று புரிவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"தூக்கறதுக்கு எங்க அண்ணன் இருந்தாரு. ஆட்டோக்காரர் இருந்தாரு. அதுக்கா நான் வீடு வாங்கினேன்? தயவு செஞ்சு இனிமே வராதீங்க."

அவன் வரவில்லை. சொன்னதைக் கேட்கிறவன்.

ஐந்து மாதங்கள். தானே கதவைப் பூட்டி ஆபீஸ் போனாள். தானே திரும்பினாள். அந்தச் சுதந்திரத்தின் ருசி முதல் வாரம் அவளை அழவைத்தது. பிறகு வேறொன்று அழவைத்தது. உட்கார்ந்தபடியே மலை தெரிந்தது ஜன்னலில். அடுப்புக்குக் கீழே அவள் முழங்கால்களுக்கு இடம் விட்டிருந்தது. எங்கே கை நீட்டினாலும், அவள் நீட்டுவாள் என்று முன்பே யோசித்த ஒருவன் அங்கே இருந்தான். நாவலின் பக்கங்கள் திரும்பின. கதை மனதில் நிற்கவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. சந்தில் யாரோ ஒருவன் குனிந்து சல்லடைகளைத் தூக்கி, அடைத்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். குடையில்லை. ஒன்று... இரண்டு... நான்காம் வீட்டை முடித்துவிட்டு ஐந்தாவதைத் தாண்டி ஆறாவதுக்குப் போனான்.

அவள் கதவைத் திறந்தாள்.

"ஏன், எங்க வீட்டு முன்னாடி தண்ணி நின்னா பரவாயில்லியா?"

அவன் நிமிர்ந்தான். மெலிந்திருந்தான். "வராதீங்கன்னு சொன்னீங்க... முதல் மழைக்கு வந்து பாக்கறேன்னு எல்லாருக்கும் வாக்கு குடுத்திருந்தேன். நாளைக்கு புனே கிளம்பறேன். ரெண்டு வருஷம் அங்கதான் வேலை."

"ஓ..."

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. அம்மா பேசினதைவிடப் பெரிய தப்பு. புரிய நாளாச்சு." கையிலிருந்த இலைகளையே பார்த்தான். "அம்மா இன்னும் மாறல. பொய் சொல்ல மாட்டேன்."

"மாறாமலே போலாம். அதுக்கும் சேத்துதான் இந்த அஞ்சு மாசமும் அழுதிருக்கேன்."

மழை இருவருக்கும் நடுவில் பெய்துகொண்டிருந்தது. நாளை இந்நேரம் அவன் ரயில் எங்கே போய்க்கொண்டிருக்கும்... நினைத்ததும் அவள் கை சக்கரத்தை இறுகப் பற்றியது.

"இந்த வீட்டுல எல்லாம் என் கைக்கு எட்டுதுங்க," என்றாள். "சுவிட்சு, அடுப்பு, கடைசி அலமாரி... எல்லாம் எட்டுது. நீங்க மட்டும்தான் எட்டல."