முனையில் ஓர் எழுத்து

மழைக்கு ஒதுங்கியவன்தான் அவன். பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஆராய்ச்சியாளன். திறந்திருந்த அரங்கத்துக்குள் நுழைந்து, சொட்டச் சொட்ட கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மேடையில் அவள். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் மரபுச் சரத்தை, நோய் தராத சிறு வடிவமாகக் கட்டியிருந்தாள். சரத்தின் முனைகளில் இருக்கும் சில மரபு எழுத்துகள்தான் நகலெடுக்கச் சொல்லிக் கட்டளை இடுபவை. ஆனால் அந்த முனைகளைப் படித்து அவள் கட்டியது நகலெடுக்கவே மறுத்தது... நகலெடுத்தால்தானே அதை நிறுத்தும் மருந்தைத் தேட முடியும்?

அவன் எழுந்தான். "முனையைப் படிக்கறதுக்கு நாமளே ஒரு துண்டை ஒட்டுவோம்ல... நீங்க படிச்சது வைரஸோட எழுத்தா, இல்ல ஒட்டின துண்டோட எழுத்தா?"

அவளுக்கு முகம் சிவந்தது. வந்ததும் வராததுமாக என்ன மேதாவித்தனம்! ஆனால் மழையில் நனைந்த அந்த முகத்தில் கேலியே இல்லை... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டாள். சரிபார்க்கவில்லை.

அதன்பின் நடைபாதையில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனும் ஒதுங்கி வழிவிடுவான். போன பிறகு திரும்பிப் பார்ப்பவள் அவள்தான் என்று தோழிகள் சீண்டினார்கள்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். அக்காவின் கைக்குழந்தையைக் கொண்டுபோனது இதே வைரஸ்தான். வேலை எப்படிப் போகிறது என்று வழக்கம்போல் கேட்டாள். தன் வீம்புக்காக அந்தக் குழந்தையையே மறந்துவிட்டோமே என்று அன்று இவளுக்கு அழுகை வந்தது.

துண்டு ஒட்டாத வேறு வழியில் முனையைப் படித்தாள். ஓர் எழுத்து... ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்திக் கட்டினாள். நகலெடுத்தால் ஒளிரும்படி அமைத்திருந்த செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

நேரே அவன் ஆய்வகத்துக்குப் போனாள்.

"நீங்க கேட்டது சரிதான். சரிபாத்தாச்சுன்னு அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றான் மெதுவாக.

"தெரிஞ்சும் ஏன் விட்டுட்டீங்க?"

"எல்லார் முன்னாடியும் உங்கள நிக்க வெக்க மனசு வரல. நீங்களே பாத்துடுவீங்கன்னு நம்பினேன்." கையுறைகளைக் கழற்றினான். "இதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

அவள் தலை குனிந்தாள். இன்னொரு பொய் சொல்ல மனமில்லை.

"இல்ல... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கோபமா இருந்தப்பவே பிடிச்சுது. எங்க அக்கா குழந்தையக் கொண்டுபோனதே இந்த வைரஸ்தான்; அப்படியிருந்தும் வீம்புக்குப் பொய் சொன்னேன். இதையும் மறைச்சா, அவ முகத்துல முழிக்க முடியாது."

அவன் கண்கள் கலங்கின.

"அக்காகிட்ட சேந்தே போய்ச் சொல்லுவோம்," என்றான்.